ரிப்பீட்டர் ஆன்டெனா: கெயினைப் பிறகு பாருங்கள்

ரிப்பீட்டருக்கு (கேட்கும் சிக்னலை அப்போதே திருப்பி அனுப்பும் ரேடியோ நிலையம்) ஆன்டெனா தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது கெயினைத்தான், அதாவது சிக்னலை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கும் என்பதை. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது: பவர் போய்க்கொண்டிருக்கும்போதே அந்த ஆன்டெனா இரைச்சல் கிளப்பாமல் இருக்குமா?

சாதாரண நிலையத்தில் பேசுவதும் கேட்பதும் மாறி மாறி நடக்கும். ரிப்பீட்டரில் இரண்டும் ஒரே சமயத்தில். 2 மீட்டர் பேண்டில் (144 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அமெச்சூர் பேண்ட்) இரு அலைவரிசைகளுக்கும் நடுவே பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ்தான். அனுப்பும் பவர் 25 வாட் என்றால் +44 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்வது). ரிசீவர் பிடிக்க வேண்டிய 0.25 மைக்ரோவோல்ட் சிக்னலோ –119 டிபிஎம். ஆன்டெனாவுக்குள் ஓர் இணைப்பு தளர்ந்தாலோ துருப்பிடித்தாலோ அங்கே பிறக்கும் கரகரப்பு ரிசீவரின் அலைவரிசையிலேயே விழும். எவ்வளவு நல்ல டூப்ளெக்ஸரும் (ஒரே ஆன்டெனாவில் அனுப்புவதையும் கேட்பதையும் பிரித்து வைக்கும் வடிகட்டி) அதை வடிகட்டாது.

இரண்டு மூன்று துண்டுகளைத் திருகிச் சேர்க்கும் டூயல்-பேண்ட் ஃபைபர்கிளாஸ் ஆன்டெனாக்கள் ரிப்பீட்டரில் தோற்பது இதனால்தான். காற்றில் குழாய் வளைந்து வளைந்து உள்ளே சாலிடர் விடும்; பழுது வெளியே தெரியாது. வெயிலில் மேல்பூச்சு போய் நார் கிளம்பினால் ஈரம் இறங்கும். ஃபைபர்கிளாஸ்தான் வேண்டுமென்றால் ஒரே துண்டாக, ஒரே பேண்டுக்கு, வணிக ரேடியோ தரத்தில் செய்ததை வாங்குங்கள். அடியிலுள்ள வடிகால் துளையை டேப்பால் மூடிவிடாதீர்கள்.

2 மீட்டர் பேண்டுக்கு என் தேர்வு நான்கு ஃபோல்டட் டைபோல்கள் (நீள வளையமாக மடித்த ஆன்டெனாத் தண்டுகள்) கொண்ட அடுக்கு. 6 மீட்டருக்கு மேல் நீளம், கனமும் அதிகம். ஆனால் பேண்ட்விட்த் (சரியாக வேலை செய்யும் அலைவரிசை அகலம்) தாராளம். டைபோல்கள் டிசி கிரவுண்ட் ஆன (நேர்மின்னோட்டத்துக்குத் தரையோடு இணைந்த) வகையாக இருந்தால் மின்னலின்போது தேங்கும் மின்னூட்டத்துக்கும் வழி கிடைக்கும். டைபோல்களைச் சுற்றிலும் திருப்பி வைத்தால் எல்லாத் திசைக்கும் சுமார் 6 டிபிடி (dBd: ஒற்றை டைபோலைவிட எத்தனை டெசிபல் கூடுதல் என்பது). ஒரே பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் 9 வரை. விளம்பரத்தில் டிபிஐ (dBi: எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டது) என்றிருந்தால் 2.15 கழித்துக்கொண்டு ஒப்பிடுங்கள். எந்த அலகு என்றே போடாதவர்களை நம்ப வேண்டாம்.

உயரமான மலையில் அதிகக் கெயின் எதிராகவும் வேலை செய்யும். கற்றை மெலிந்து தொடுவானத்தை நோக்கிப் போய்விட, அடிவாரத்து ஊர்களுக்குக் குறைவாகவே இறங்கும். அங்கே 3 டிபிடி போதும், அல்லது டவுன்டில்ட் (கற்றையைக் கீழ்நோக்கிச் சாய்க்கும் அமைப்பு) உள்ளதாகக் கேளுங்கள்.

கேபிளில் சிக்கனம் வேண்டாம். அலுமினியத் தகடும் பின்னல் கம்பியும் சேர்ந்த கோஆக்ஸ் கேபிள் அசையும்போது இரண்டும் உரசி அதே கரகரப்பைத் தரும். அரை அங்குல ஹார்ட்லைன் (வெளிக்கடத்தி உலோகக் குழாயாகவே இருக்கும் கேபிள்) போடுங்கள். 30 மீட்டருக்கு இழப்பு 1 டெசிபலுக்குள் நிற்கும். முனையில் N வகைக் கனெக்டர், அதன்மேல் தன்னொட்டு ரப்பர் டேப், அதற்கு மேல் வினைல் டேப்.

எஸ்டபிள்யூஆர் மீட்டரை (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் பவரைக் காட்டுவது; 1-ஐ ஒட்டியிருந்தால் நல்லது) மட்டும் நம்புவது ஆபத்து. தண்ணீர் ஏறி 10 டெசிபல் இழக்கும் கேபிளின் மேல்முனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் கீழே 1.2 காட்டும்!

உண்மையான சோதனை வேறு. டூப்ளெக்ஸரில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கிக்கொள்ளும் மின்தடை) மாட்டி, கப்ளர் (லைனுக்குள் சிறிதளவு சிக்னலைச் செலுத்தும் இணைப்பான்) வழியாக மெல்லிய சிக்னல் கொடுத்து, டிரான்ஸ்மிட்டரை நிறுத்தியும் இயக்கியும் 12 டெசிபல் சினாட் (இரைச்சலுக்கு நடுவே ஒலி எவ்வளவு தெளிவு என்பதன் அளவுகோல்) கிடைக்கும் சிக்னல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 1 டெசிபலுக்குள் இருந்தால் டூப்ளெக்ஸர் சரி. பிறகு ஆன்டெனாவை மாட்டி அதையே செய்யுங்கள். டிரான்ஸ்மிட்டர் நின்றிருக்கும்போதே உணர்திறன் குறைந்தால் அது சுற்றுப்புற இரைச்சல். இயக்கியபின் மேலும் குறைந்தால் பழுது ஆன்டெனாவிலோ கேபிளிலோ டவரின் துருப்பிடித்த போல்ட்டிலோ இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது கீழிருந்தே கேபிளையும் ஜம்பரையும் (இடையே மாட்டும் குட்டைக் கேபிள்) ஆட்டிப் பார்த்தால், எந்த இடத்தில் கரகரப்பு தாவுகிறது என்று பாதி நேரம் அப்போதே தெரிந்துவிடும்.