கோட்டின் குறுக்கே மூன்று ஆச்சா மரங்கள்

"பார்க்கலாம்" என்றுதான் சொன்னேன். முடியாது என்று சொல்லவில்லை. இதை எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

பொங்கல் முடிந்த வாரம். தீக்காவலுக்கு ஆள் எடுப்பது பற்றிக் கேட்கப் பெரியவர் வந்திருந்தார். மாசியில் தொடங்கிக் கோடை மழை இறங்கும் வரை ஆண்டுதோறும் வனத்துறைக்காரர்களான எங்களோடு இருப்பவர். அந்தச் சரிவு எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும். போன சித்திரையில் அடித்த சூறைக்காற்றில், தீ தாண்டாமலிருக்கப் புல் நீக்கிப் போடும் தீத்தடுப்புக் கோட்டின் குறுக்கே மூன்று ஆச்சா மரங்கள் விழுந்து கிடந்தன. கிளைகளை ஊரார் விறகுக்கு எடுத்துக்கொள்ளட்டும், எட்டுப் பேர் கடப்பாரை போட்டுப் புரட்டினால் அடிமரமும் ஓரத்துக்குப் போய்விடும், கோடு சுத்தமாகும் என்றார்.

நான் சட்டம் சொன்னேன். 2022 நவம்பரில் எங்கள் பக்கத்துக் காடுகள் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் ஆயின. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர். சரணாலயம் என்று ஆகிவிட்டால் 2000 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவும் கூடவே வந்துவிடும். பட்ட மரம், நோய் கண்ட மரம், காற்றில் சாய்ந்த மரம், ஆற்றில் அடித்துவரும் கட்டை, புல் என எதையும் அங்கிருந்து அகற்றக் கூடாது. பயிற்சிக் காலத்தில் இதை மனப்பாடமாக ஒப்பித்தவன் நான்.

"கிளைகூட எடுக்கக் கூடாதா சார்?"

"கூடாது பெரியவரே."

"சரி, யாரும் எடுக்க வேண்டாம். அங்கேயே ஓரமாகத் தள்ளி வைக்கலாம் அல்லவா?"

"பார்க்கலாம்."

தலையாட்டிவிட்டு, தீக்காவல் கூலி எந்த மாதம் வரும் என்று கேட்டார். பேச்சு அங்கே போய்விட்டது. எங்கள் வேலையில் பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கிளைகளை மறுத்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. விழுந்த மரம் என்று உள்ளே போகும் கோடரி, நிற்கும் மரத்தின் முன்னாலும் நின்று பார்க்கும். சந்தனம் போன வழியெல்லாம் அப்படித் தொடங்கியதுதான். மேலும், காட்டில் விழுந்த மரம் வீண் மரமில்லை. கறையான் வரும், கறையானைத் தேடிக் கரடி வரும், பொந்தில் உடும்பு குடியிருக்கும். மட்கினால் அந்தக் கல்லாங்காட்டுக்கு அதுதான் எரு. இதையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

ஆனால் அவருடைய இரண்டாவது கேள்வி வேறு. பத்தடி ஓரம் தள்ளுவது அகற்றுவதாகுமா? மரம் காட்டுக்குள்ளேயேதான் கிடக்கப்போகிறது. இதை அன்றே என் மேலாளான வனவரிடம் கேட்டிருக்கலாம், அவருக்கும் மேலே உள்ள சரகருக்கு ஒரு தாள் எழுதியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. கேட்டால் "எழுதி அனுப்பு" என்பார்கள், எழுதினால் ஆய்வுக்கு வருவார்கள், வந்தால் விழுந்த மரங்களின் பட்டியலை எடு என்பார்கள். என்னிடம் பட்டியல் இல்லை. உள்ளதைச் சொன்னால் காரணம் அதுதான். சட்டம் அதற்கு முன்னால் தொங்கவிட்ட திரை.

மாசியில் கோடு போட்டோம். புல்லை அறுத்துச் சருகைக் கூட்டி, விடியற்காலைப் பனி ஈரம் இருக்கும்போதே பட்டையாக எரித்துக்கொண்டு போவது. மரங்கள் கிடந்த இடம் வந்ததும் எரிப்பதை நிறுத்தச் சொன்னேன். ஒன்பது மாதமாகக் காய்ந்து கிடக்கும் ஆச்சா. தீப் பிடித்தால் விடாது. இருபது தப்படி தூரம் புல்லும் உண்ணிச்செடியும் அப்படியே நிற்க, அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து கோட்டைத் தொடர்ந்தோம். பெரியவர் அந்த இருபது தப்படியையும் மெதுவாக நடந்து கடந்தார். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபித்துக்கொள்ளவாவது வசதியாக இருந்திருக்கும்.

பங்குனியில் ஒரு நாள் முற்பகல் கீழே புகை தெரிந்தது. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனத்தின் செயற்கைக்கோள் எச்சரிக்கை கைப்பேசிக்கு வரும்போது, நாங்கள் பச்சைத் தழையோடு தீயின் முன்னால் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. மேடேறும் தீ ஓடும், இறங்கும் தீ நடக்கும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் கருகியதற்குப் பிறகு, சரிவில் தீக்கு மேலே ஆளை நிறுத்த எனக்குத் துணிச்சல் வருவதில்லை. எல்லோரையும் கோட்டுக்கு அப்பால் வரச் சொன்னேன். கோடு பிடித்தது. அந்த இருபது தப்படியைத் தவிர.

அந்த வழியாகத்தான் தாண்டியதா என்றால், பாதி உறுதியாகச் சொல்வேன். அன்றைய காற்றில் மூங்கில் வெடித்துப் பொறி தலைக்கு மேலே பறந்தது. கோடு முழுமையாக இருந்தாலும் ஏதோ ஓர் இடத்தில் தாண்டியிருக்கும் என்று உடனிருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் சொல்கிறார். அவர் என் மனம் நோகாமல் இருப்பதற்காகச் சொல்கிறாரோ என்ற ஐயமும் உண்டு. இரவு பத்து மணிக்குள் தீயை அடக்கிவிட்டோம்.

அதற்குப் பிறகு வந்த நான்கு நாட்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. காடு அணைந்துவிட்டது, மரம் அணையவில்லை. ஆச்சா தண்ணீரில் போட்டால் முழுகும் மரம். எரிவதிலும் அதே பிடிவாதம். மேலே பார்த்தால் கரிந்த கட்டை. கறையான் தின்ற பொந்து வழியாக மட்டும் பீடிப் புகைபோல ஒரு நூல் ஏறிக்கொண்டிருக்கும். கடப்பாரையால் ஒரு குத்து விட்டால் உள்ளே செக்கச்செவேல் என்று கங்கு. மேலே சுமந்துவந்த நாலு கேன் தண்ணீர் அதற்கு ஒரு மடக்குக்கும் காணாது. மண்ணை வாரி வாரிப் போட்டோம். மூன்றாம் நாள் ஒரு துண்டு கழன்று உருண்டு, எரியாமல் மிஞ்சியிருந்த கீழ்ச்சரிவைப் பிடித்தது. புகைந்துகொண்டிருக்கும் ஒரு கட்டை செயற்கைக்கோளின் கண்ணுக்கு எளிதில் படாது. அதனால் பெரியவரும் நானும்தான் காவல். இரவில் கீழே யானை கிளை ஒடிக்கும் சத்தம் கேட்க, மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் பேரனின் ஐ.டி.ஐ. சேர்க்கை பற்றிப் பேசினார். மரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஐந்தாம் நாள் கட்டை இருந்த இடத்தில் வெண்சாம்பல் மட்டும், அடிமரம், கவை, கிளை என்று மரத்தின் வடிவத்திலேயே படுத்துக் கிடந்தது.

அறிக்கையில் தீக்கான காரணம் என்ற இடத்தில் "அடையாளம் தெரியாத நபர்கள்" என்று எழுதினேன். பொய்யில்லை. எங்கள் காட்டில் தீ தானாகப் பிடிப்பது அரிது. புதுப்புல்லுக்காக யாராவது கொளுத்துவார்கள், அல்லது பீடி, அல்லது தேனெடுக்கப் போனவரின் பந்தம். தீ ஏன் பரவியது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது, படிவத்தில் இடமில்லை என்பது உறுதியாகத் தெரிந்திருப்பதால்.

இந்தச் சித்திரையிலும் காற்று அடித்தது. மூன்றாம் நாள் கோட்டுக்குப் போனபோது ஒரு வெக்காலி சாய்ந்திருந்தது. கோட்டின் குறுக்கே விழுந்த மரம்தான். நடுவில் ஒடிந்த சுள்ளிகளும் இழுபட்ட தடமும் இருந்தன. மரமோ ஓரத்தில், இலை வாடாமல், கிளை ஒன்றும் குறையாமல் கிடந்தது. வெட்டுக்காயம் இல்லை. யானை தள்ளியிருக்கலாம். சுற்றிலும் யானை லத்தி இருக்கிறதா என்று தேடினேன், பிறகு தேடுவதை நிறுத்திவிட்டேன். பட்டியல் நோட்டை எடுத்து, "வெக்காலி ஒன்று, கோட்டுக்கு வெளியே விழுந்துள்ளது" என்று எழுதித் தேதி போட்டேன்.