ஆளில்லாத இடத்துக்கு எறியும் பந்து

கல்லூரி உதைபந்தாட்ட அணியில் ஆடியவர்களுக்கு எங்கள் மாஸ்டரின் குரல் மறந்திருக்காது. "தம்பி, ஆளைப் பார்த்து அடியாதை. அவன் வாற இடத்தைப் பார்த்து அடி." வலது விங்கில் ஓடிய எனக்கு அதன் அருமை அப்போதே தெரியும். எண்பதுகளின் பிற்பகுதியில் கலிபோர்னியாவுக்குப் படிக்க வந்தபோது, அந்தப் பேச்சுத்தான் அமெரிக்கன் ஃபுட்போலுக்குள் என்னை இழுத்துவிட்டது.

அந்த நாட்களில் ஊரெங்கும் சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் அணியைப் பற்றிய பேச்சுத்தான். முதலில் எனக்கு ஆளோடு ஆள் மோதுவது மட்டுமே தெரிந்தது. என்னோடு அறையில் இருந்த அமெரிக்கப் பெடியன்தான், பந்தைப் பார்க்காமல், தடுப்பவர்களில் கடைசியாகப் பின்னால் நிற்கும் இரண்டு சேஃப்டிகளைப் பார்க்கச் சொன்னான்.

பந்தை எறியும் குவாட்டர்பாக்கும் அங்கேதான் முதலில் பார்க்கிறார். இருவரும் ஆழத்தில் பிரிந்து நின்றால், அவர்களுக்கு நடுவே இடம் கிடைக்கலாம். ஒருவர் மட்டும் நடுவில் நின்றால், ஓரங்களில் வாய்ப்பு அதிகம். பிறகு, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் ஒருவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடவிடுவார். எதிரணியில் ஒருவன் கூடவே ஓடினால், பெரும்பாலும் அது ஆளுக்கு ஆள் காவல். ஓடாமல் எல்லோரும் சற்று நகர்ந்து நின்றால், இடத்தைக் காக்கிறார்கள். இவ்வளவும் ஸ்னாப்புக்கு, அதாவது பந்து பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்குவதற்கு, முந்திய சில நொடிகளில். எதிரணியும் சும்மா இருக்காது. இரண்டு சேஃப்டிகளைக் காட்டிவிட்டு, பந்து நகர்ந்ததும் ஒருவரை முன்னால் இறக்கிவிடும். அதனால் பின்வாங்கும்போதே இன்னொருமுறை படிக்க வேண்டும்.

எறிதல்தான் என்னை மலைக்க வைத்தது. ரிசீவர் பன்னிரண்டு யார் அளவு நேரே ஓடி, உட்காலை ஊன்றி, எல்லைக்கோட்டுப் பக்கம் வெட்டித் திரும்புவார். குவாட்டர்பாக் ஐந்து காலடி பின்வைத்து, கடைசிக் காலை ஊன்றியதுமே பந்தை விட்டுவிடுவார். அந்த நேரம் ரிசீவரின் முதுகுதான் தெரியும்! அவர் திரும்பும்வரை காத்திருந்தால், ஓரத்தில் அவரைக் காக்கும் கோர்னர்பாக் இடையில் புகுந்துவிடுவான். இந்தக் காலடிக் கணக்கைத் தன் ஆட்டமுறையின் அடிப்படையாக்கியவர் ஃபோர்ட்டி நைனர்ஸின் பயிற்சியாளர் பில் வோல்ஷ். முன்பு சின்சினாட்டி அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது, கைவலு குறைந்த குவாட்டர்பாக் வேர்ஜில் கார்ட்டரை வைத்து இதை வளர்த்தெடுத்தார். 1979இல் புது வீரர்களைத் தெரிவுசெய்யும் டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் ஃபோர்ட்டி நைனர்ஸ் எடுத்த ஜோ மொன்டானாவின் கையில் அது முழுமை கண்டது.

1989 ஜனவரி 22, பருவத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் போல். எதிரணி அதே சின்சினாட்டி. அதன் பயிற்சியாளர் சாம் வைச், வோல்ஷிடம் பாடம் கேட்டு, மொன்டானாவுக்கே பயிற்சி கொடுத்தவர். அப்படிப்பட்டவரின் அணிக்கு எதிராக, மூன்று புள்ளி பின்தங்கிய நிலையில், சொந்த 8 யார் கோட்டிலிருந்து தொடங்கினார் மொன்டானா. பெரும்பாலும் சிறு சிறு எறிதல்களாலேயே மைதானத்தைக் கடந்தார்கள். முடிவில் 10 யார் மிச்சம். அன்று 215 யார் பிடித்திருந்த ஜெரி ரைஸ் பக்கம் தடுப்பாளர்களின் கவனம் போக, பந்து ஜோன் டெய்லருக்குப் போனது. 34 நொடி மீதம், 20க்கு 16 என்று வெற்றி. அறையில் நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினார்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் நம் கல்லூரி நண்பர்களுக்கு ஒன்று. உங்கள் கனேடியன் ஆட்டத்தில் அணிக்கு 12 பேர், மைதானமும் பெரிது. ஸ்னாப்புக்கு முன்பே ரிசீவர்கள் முன்னோக்கி ஓடிவரலாம் என்பதால், படிப்பது இன்னும் சுவை. உங்கள் ஊர் அணியான ஆர்கோநாட்ஸின் ஆட்டத்துக்குப் போனால், கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரத்தில் டிக்கெட் எடுங்கள். தொலைக்காட்சிப் படத்தில் பல நேரம் சேஃப்டிகள் வெளியே போய்விடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லாரும் தெரிவார்கள்.