அனுப்பியவர் பெயரும் எழுதியவர் பெயரும்: ஒரு பேட்ச் ரிவ்யூ

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிற நண்பர்கள் எழுதும் பேட்ச்களை (நிரலில் செய்யும் சிறு மாற்றங்களை) திரட்டி மெயிலில் அனுப்ப, பொழுதுபோக்காக ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வளர்த்து வருகிறோம். முத்தியால்பேட்டைத் தம்பி ஒருவர் அதற்கு ஒரு மாற்றம் அனுப்பியிருந்தார். மெயில் அனுப்புகிறவரும் கமிட்டை (பதிந்துவைத்த மாற்றத்தை) எழுதியவரும் வேறு ஆட்கள் என்றால், மெயிலின் முதல் வரியாக 'ஃப்ரம்:' போட்டு எழுதியவர் பெயரைச் சேர்க்கும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் 'கிட் செண்ட்-இமெயில்' கட்டளை செய்வதும் இதைத்தான். வாங்குகிற பக்கத்தில், மெயிலில் வந்த பேட்ச்சைச் சேர்க்கும் 'கிட் ஏஎம்' கட்டளை அந்த வரியில் இருப்பவரையே ஆசிரியராகப் பதியும்.

தேவையான மாற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு பெயரையும் வந்தபடியே நேருக்கு நேர் ஒப்பிட்டிருந்தார். நம் ஊர்ப் பெயர்கள் அதில் நிற்காது.

இனிஷியலை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் புள்ளி வந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும் என்பது மெயில் வடிவத்துக்கான தரநிலை ஆர்எஃப்சி 5322இன் விதி. மெயிலின் தலைப்பகுதியான ஹெடரில் மேற்கோளோடு இருக்கும், கிட்டில் இருக்காது. பெயர் தமிழில் இருந்தால் ஹெடரில் பேஸ்64 சரமாகத்தான் (ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றிய வடிவில்) பெரும்பாலும் வரும். அதனால் முதலில் பெயரையும் முகவரியையும் பிரித்து, பிறகுதான் டிகோட் செய்யச் (மூல எழுத்துக்குத் திருப்பச்) சொன்னேன். வரிசை மாறினால் பெயருக்குள் இருக்கும் கமா வெளியே வந்து முகவரியையே உடைத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்தது. 'கோ. இளங்கோ' என்று சோதனைப் பெயர் வைத்தோம். 'கோ'வை இரண்டு யூனிகோட் குறிகளாகவும் (எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் எண்கள்) எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் எனப் பிரித்து மூன்றாகவும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. 'இளங்கோ' மட்டும் ஒன்றில் 18 பைட், மற்றதில் 21. புதுச்சேரியில் 'ரெனே' என்று பிரெஞ்சு எழுத்தில் பெயர் வைத்திருப்பவருக்கும் இதே சிக்கல்தான். இரண்டு பக்கத்தையும், பிரிந்த குறிகளைச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது.

"அண்ணா, பேசாம முகவரியை மட்டும் ஒப்பிட்டா போதாதா?" என்று கேட்டார்.

போதாது. அண்ணன் மெயிலிலிருந்தே கமிட் போடும் தங்கைகள் நம்மிடம் உண்டு. பெயர் மட்டும் என்றாலும் சரிவராது, ஒரே தெருவில் எத்தனை முருகன்! இரண்டும் பொருந்தினால்தான் ஒரே ஆள் என்று வைத்தோம். தவறாக 'வேறு' என்று சொன்னால் ஒரு வரி கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். தவறாக 'ஒன்று' என்று சொல்லிவிட்டால் ஒருவர் உழைப்பு இன்னொருவர் பெயரில் பதிந்துவிடும். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

திருத்தி அனுப்பினார், சேர்த்துவிட்டேன். நீளமான பெயருக்கு டெஸ்ட் மட்டும் பாக்கி. என்கோட் செய்த ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது; பேஸ்64இல் தமிழ்க் குறிகள் 15தான் அதற்குள் அடங்கும். அதற்கு மேல் போனால் பெயர் இரண்டு துண்டாகும். சேர்க்கும்போது நடுவில் இருக்கும் இடைவெளியை விட்டுவிட வேண்டும். அதை அவரே எழுதுகிறேன் என்றிருக்கிறார்.