பினாங்குக் குறைநீக்கல் வகுப்பிலிருந்து

ஜூலை 8

மூன்றாம் ஆண்டு வகுப்பிலிருந்து இன்று, படிப்பில் பின்தங்கியோருக்கான என் குறைநீக்கல் வகுப்புக்கு வந்த மாணவன், ‘கோழி’ என்ற சொல்லைக் ‘கே’ என்று தொடங்கி, அடுத்து நின்ற துணைக்காலைக் கண்டதும் திகைத்து, மறுபடியும் ‘க’விலிருந்து ஆரம்பித்தான். முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் துணைக்கால், நடுவே ககரம். மூன்றும் சேர்ந்து எழுப்புவதோ ‘கோ’ என்ற ஒன்றைத்தான். மலாய்ப் பாடத்தில் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையிலேயே நிற்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ‘பெம்பெலாஜாரன்’ போன்ற நீண்ட சொற்களில் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறான். ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில் இடறுவது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டின் முக்கிய அடையாளம்; அறிவுக் குறைவால் வருவதன்று. ஆயினும் இவனுக்கு அதுதான் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர், நானல்ல.

ஜூலை 10

பாதி வெறுமையாகக் கிடந்த அவனுடைய அறிவியல் தாளை நானே வாசித்துக் கேள்வி கேட்டேன். ஐஸ்கட்டி ஏன் மிதக்கிறது என்றதற்கு, “தண்ணியவிட அடர்த்தி கம்மி டீச்சர், சிராப்புல பாருங்க” என்றான். சிராப்பு என்பது இங்கே குடிக்கும் இனிப்புச் சர்பத்து. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் வாசிக்கக் கற்க முடியாத பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதியபோது, பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவனே கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் பதிவுசெய்தார். நாமோ இன்னமும் பிழையான சொல்லை இருபது முறை எழுதச் சொல்கிறோம். தவறாக ஒலித்துக்கொண்டே எழுதுகிற பிள்ளைக்கு அது தவறைத்தான் மனப்பாடமாக்கும்.

ஜூலை 15

பாயான் லெப்பாஸ் ஆலையில் இரவு வேலை முடித்து நேரே வந்த தந்தையின் முதல் கேள்வி, “ஓகேயூ கார்டு எடுத்தா நாளைக்கு இவனுக்கு வேல கெடைக்குமா டீச்சர்?” என்பதுதான். மாற்றுத்திறனாளியாகப் பதிந்தவர்களுக்குத் தரப்படும் அட்டை அது. மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை என்றும், சமூக நல இலாகாவின் ஏழு பிரிவுகளில் கற்றல் குறைபாட்டின் கீழ் டிஸ்லெக்சியா அடங்கும் என்றும் விளக்கினேன், வற்புறுத்தவில்லை. அட்டையால் வேலை கிடைக்காதோ என்ற அவருடைய அச்சம் வீண் என்று சொல்லிவிடுவது அட்டை எடுக்காதவர்களுக்கு எளிது. அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்னறிவிப்பின்றி அவனை உரக்க வாசிக்கச் சொல்லாமலிருப்பதற்கும், அறிவியலில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமலிருப்பதற்கும் யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. வகுப்பாசிரியரிடம் இவ்விரண்டையும் எழுதிக் கொடுத்தேன். முதலாவதற்கு உடனே இசைந்தார், இரண்டாவதற்கு யோசிக்கிறார்.

ஜூலை 17

தனித்தனி அட்டைகளில் கொம்பையும் ககரத்தையும் துணைக்காலையும் வைத்து, மூன்றையும் நெருக்கித் தள்ளியபின் ஒரே மூச்சில் ஒலிக்கச் சொன்னேன். ‘கோழி’, ‘கோடு’, ‘கோவில்’ மூன்றும் வந்தன. ‘கௌதாரி’ வரவில்லை, அதன் பின்குறி ளகரமாகவே கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இக்குறைபாடு குடும்பவழி வருவதுண்டு என்பதால், பாலர் பள்ளியில் படிக்கும் தங்கையை அடுத்த வாரம் அழைத்துவரத் தாய் சம்மதித்திருக்கிறார். அவளிடம் எழுத்தைக் காட்டப்போவதில்லை. ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைக் காதால் கேட்டுப் பிரிக்கிறாளா என்று மட்டும் பார்ப்பேன்.