யானை வேலியும் கரப்பான் காலும்

கரப்பான் காலில நரம்புத் துடிப்புப் பதியிறது சொல்ல லேசு. பூச்சியை ஐஸ் தண்ணியில போட்டு மயங்கப் பண்ணி, ஒரு காலை அடியோட வெட்டி, தக்கையில வைச்சு இரண்டு ஊசி குத்தி, ஊசிகளை அம்ப்ளிஃபயரில பூட்டினாச் சரி. காலில இருக்கிற முள்ளில ஊதினால் ஸ்பீக்கரில 'படபட' எண்டு கேக்கும். கேக்க வேணும். கிளிநொச்சிப் பக்கத்து ஆய்வுகூடத்தில முதல்ல கேக்கிறது 'ம்ம்ம்ம்' எண்ட உறுமல்தான்.

துடிப்பு வெறும் சில நூறு மைக்ரோவோல்ட். சுவரில ஓடுறது 230 வோல்ட். திரையில 20 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா அலை ஏறி இறங்கினால் அது 50 ஹேர்ட்ஸ், வீட்டுக் கரண்ட். 10 மில்லிசெக்கன் எண்டால் ரியூப் லைற்றைப் பாருங்கோ. சார்ஜரைக் கழட்டி லாப்டொப்பை பற்றறியில ஓட விட்டாலே பாதிச் சத்தம் போயிடும். ஃபான் ரெகுலேட்டரை மறக்க வேண்டாம், அது அலையில்லை, ஊசிமுனையா வரும்.

அண்டைக்கு வந்தது இதில ஒண்டுமில்லை. செக்கனுக்கு ஒருக்கா 'டக்... டக்...', இம்மி பிசகாமல். பெடியள் துள்ளிச்சினம். கொப்பியில 'தாளம் போடும் நரம்பு' எண்டும் எழுதியாச்சு. உண்மையான நரம்பு எண்டால் இடைவெளி கொஞ்சமாவது கூடிக் குறையும், ஊதினால் வேகம் மாறும். இது ரெண்டுக்கும் அசையேல்லை.

ரெக்னீசியன் அண்ணை காலைத் தூக்கி எறிஞ்சு போட்டு, அதே ஊசிகளுக்கு நடுவில 10 கிலோஓம் றெசிஸ்டர் ஒண்டைப் போட்டார்.

"அண்ணை, இன்னும் துடிக்குது!"

"தம்பி, அது றெசிஸ்டரடா."

ஒருத்தன் 50 ஹேர்ட்ஸை மட்டும் வெட்டிற நொட்ச் ஃபில்டர் போடுவம் எண்டான். அது இந்த 'டக்'கைப் பிடிக்காது, நல்ல துடிப்பின்ர வடிவத்தைத்தான் கெடுக்கும். இன்னொருத்தன் கோழிக்கூட்டு வலையால பெட்டி கட்டி எர்த் குடுத்தான். அப்பவும் 'டக்'. காற்றால வாறதை வலை மறிக்கும். எர்த் வயரால வீட்டுக்காரன் மாதிரி உள்ள வாறதை எப்பிடி மறிக்கிறது? அம்ப்ளிஃபயரின்ர எர்த் வயரைக் கழட்டினதும் 'டக்' நிண்டுது, உறுமல் திரும்பி வந்துது. ஆள் எந்த வாசலால வாறார் எண்டது அப்பதான் பிடிபட்டுது.

பின்வளவில போய்ப் பார்த்தால், கட்டடத்தின்ர எர்த் கம்பிக்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு கம்பி. யானைக்குப் போட்ட மின்வேலியின்ர எர்த்! பாலைக் கொப்பு ஒண்டு வேலியில சாய்ஞ்சு கிடக்குது. செக்கனுக்கு ஒருக்கா அடிக்கிற ஆயிரக்கணக்கான வோல்ட் கொப்பால மண்ணுக்கு இறங்கி, அந்தக் கம்பிக்குத் திரும்பி வருது. ஒவ்வொரு அடிக்கும் பக்கத்து மண்ணின்ர வோல்டேஜும் துள்ளும், கட்டடத்து எர்த்தும் சேர்ந்து துள்ளும். ரெண்டு எர்த்துக்கும் இடையில குறைஞ்சது 10 மீற்றர் வேணும் எண்டது விதி. கம்பி அடிச்சவருக்கு அந்த இடம் வெட்ட லேசா இருந்திருக்கும் போல.

கொப்பை வெட்டி, கம்பியைத் தள்ளி அடிச்சு, அம்ப்ளிஃபயர், வலைப்பெட்டி, மைக்ரோஸ்கோப் எல்லாத்தையும் ஒரே புள்ளியில எர்த் பண்ணி முடிய பின்னேரமாச்சு. அதுக்குள்ள எறிஞ்ச கால் காய்ஞ்சு சருகு. திரும்ப ஐஸ் தண்ணி, திரும்பக் கரப்பான். கொப்பியில 'நரம்பை' வெட்டி, மேல 'யானை' எண்டு எழுதியிருக்கு.