நம்பர் மட்டும் இருக்கிற ஜீன்கள்
மனுஷனுக்கு புரோட்டீன் செய்யுற ஜீன் சுமார் 20,000 இருக்கு, அதுல கால்வாசி கிட்ட செல் சவ்வுல உக்காந்திருக்கிற புரோட்டீனுக்குத்தான், ஆனா அதுல பல ஜீனுக்கு வேலை என்னன்னே தெரியாம டிஎம்இஎம்னு (சவ்வைக் கடக்குற புரோட்டீன்னு அர்த்தம்) போட்டு பக்கத்துல ஒரு நம்பரத் தட்டி விட்டுட்டாங்க. டிஎம்இஎம்16ஏ அப்படித்தான் கிடந்துச்சு. கால்சியம் ஏறினா தொறந்து குளோரைட வெளிய விடுற ஒரு சேனலோட (சவ்வுல வாசல் மாதிரி இருக்கிற புரோட்டீன்) கரண்ட்ட 1980கள்லயே தவளை முட்டைல அளந்துட்டு அது எந்த ஜீன்னு தெரியாம வருஷக்கணக்கா தேடுனாங்க, 2008ல மூணு டீம் தனித்தனியா வந்து நின்னது இதே ஜீன்லதான்! அந்த புரோட்டீனோட சங்கிலி சவ்வை 8 தடவை கடக்கும்னு கணிச்சாங்க, ஸ்ட்ரக்சர் வந்தப்போ பாத்தா 10.

இந்த மாதிரி புரோட்டீன வெளிய எடுக்குறதே பெரும்பாடு, சவ்வுக்குள்ள இருக்கிற பகுதி எண்ணெய்ப் பசை மாதிரி, தண்ணில வுட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும், அதுக்குன்னு டிடர்ஜென்ட் தேடி அலையணும். அதான் எல்லாரும் சவ்வுல உக்காராத, கேன்சரத் தடுக்குற பி53 ஜீன் பக்கமே ஓடுறாங்க போல.