டிராம் மறைத்த வாசல்: ஆம்ஸ்டர்டாமில் ஒரு தெரு

இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குப் பயந்து, நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த ஆம்ஸ்டர்டாம் வீட்டுக்கு எப்போதும் கூட்டம்தான். ஆனால் ஆன், அப்பா அம்மா அக்காவோடு ஒளிந்திருந்தவள். நெதர்லாந்தில் ஒளிந்து வளர்ந்த யூதக் குழந்தைகள் பலருக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. பெற்றோரைப் பிரிந்து, பெயரை மாற்றிக்கொண்டு, முன்பின் தெரியாத வீடுகளில் வளர்ந்தார்கள். அவர்களில் பலர் தப்பிய தெருவைப் பார்க்கத்தான் 14ஆம் எண் டிராமில் பிளாண்டாஜ் மிட்டன்லான் போனேன்.

ஆர்ட்டிஸ் மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில், மரங்கள் நிறைந்த தெரு. ஒரு புறம் பழைய நாடக அரங்கம். 1942 ஜூலையிலிருந்து, பிடித்துவரப்பட்ட யூதர்களை நாஜிகள் இங்கே அடைத்தார்கள். இங்கிருந்து வெஸ்டர்போர்க் இடைத்தங்கல் முகாம்; அப்புறம் ஆஷ்விட்ஸ், சோபிபோர் என்ற கொலை முகாம்கள். நெரிசலும் அழுகையும் தாங்காமல், குழந்தைகளை மட்டும் எதிர்ப்புறம் இருந்த காப்பகத்துக்கு மாற்றினார்கள்.

அந்தக் காப்பகத்தின் தலைவி ஹென்ரியட் பிமென்டல். அரங்கத்தின் நிர்வாகத்தில் இருந்த வால்டர் சூஸ்கிண்ட், ஃபெலிக்ஸ் ஹால்வெர்ஸ்டாட் ஆகியோர் பதிவேட்டிலிருந்து குழந்தைகளின் பெயரை நீக்கினார்கள். மூவருமே யூதர்கள். காப்பகத்துக்கு அருகிலேயே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. அதன் தலைவர் யோஹான் ஃபான் ஹுல்ஸ்ட். பின்பக்கத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வேலிச்செடி வரிசைதான் தடுப்பு. அதற்கு மேலாகக் குழந்தைகளைக் கைமாற்றினார்கள். சிலரைக் கூடையிலும் சாக்கிலும் வைத்துத் தூக்கிப் போனார்கள். எதிரே நின்ற காவலரின் பார்வையை டிராம் வந்து மறைக்கும் சில நொடிகளில், வாசல் வழியாகவே குழந்தையோடு நடந்து போனவர்களும் உண்டு. இப்படித் தப்பியவர்கள் சுமார் 600 பேர்.

பள்ளியில் தேர்வு நடந்த ஒரு நாள், மேற்பார்வைக்கு வந்த அதிகாரியின் காதில் குழந்தைகளின் அழுகை விழுந்தது. யூதக் குழந்தைகளா என்று கேட்டார். ஃபான் ஹுல்ஸ்ட் பதில் சொல்லவில்லை. அதிகாரி அவர் கையைப் பற்றி, ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெற்றோர் சம்மதிக்காமல் குழந்தையை எடுத்துப் போவதில்லை என்பது வழக்கம். யாரிடம் போகிறது, எந்த ஊருக்குப் போகிறது என்று தாய்க்குச் சொல்ல முடியாது. பலர் மறுத்துவிட்டார்கள். அவர்களை யார் குறை சொல்ல முடியும்? சம்மதித்தவர்களில் சிலர், காவலர்களுக்குச் சந்தேகம் வராதபடி, குழந்தைக்குப் பதிலாகத் துணிப்பொதியை அணைத்துக்கொண்டு ரயிலேறப் போனார்கள். இந்தத் தெருவில் உள்ள அருங்காட்சியகத்தில் இதைப் படித்த இடத்தில் என்னால் அடுத்த பலகைக்கு நகர முடியவில்லை.

ஊர்க்காரர்களிடையே வித்தியாசமாகத் தெரியாதிருக்க, பொன்னிறத் தலைமுடி உள்ள பிள்ளைகளை வடக்கே ஃபிரீஸ்லாந்துக்கும், கருமுடிப் பிள்ளைகளைத் தெற்கே லிம்பர்க்குக்கும் அனுப்புவது வழக்கமாக இருந்தது. குண்டுவீச்சில் வீடிழந்து ரோட்டர்டாமிலிருந்து வந்த பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைப்பார்கள். நான்கு வயதுப் பிள்ளைகூடப் புதுப் பெயரைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும், தேவாலயத்தில் ஜெபத்தைப் பிழையின்றிச் சொல்ல வேண்டும். ஆபத்து நெருங்கினால் வேறு வீடு, மறுபடி வேறொரு அம்மா. பல பிள்ளைகளுக்கு அன்பு கிடைத்தது. சிலருக்கு அடியும் கொடுமையும். எல்லா வீடும் நல்ல வீடு என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

1945இல் விடுதலை வந்தது. ஆனால் சுமார் 2,000 குழந்தைகளின் பெற்றோர் திரும்பவில்லை. யாரிடம் வளர்வது என்று வளர்ப்புக் குடும்பங்களுக்கும் யூத சமூகத்துக்கும் இடையே வழக்குகள் நடந்தன. பெற்றோர் உயிரோடு வந்த இடத்திலும், வாசலில் நின்ற மெலிந்த பெண்ணை யாரென்றே தெரியாமல் வளர்ப்புத் தாயின் பின்னால் ஒளிந்துகொண்ட பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் போர் அப்போதுகூட முடியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிமென்டல் 1943இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். சூஸ்கிண்டும் போர் முடிவதைப் பார்க்கவில்லை. ஃபான் ஹுல்ஸ்ட் 107 வயதுவரை வாழ்ந்தார். காப்பாற்ற முடியாமல் போன குழந்தைகளைப் பற்றியே கடைசிவரை பேசினார்.

காப்பகக் கட்டடம் இப்போது இல்லை. பயிற்சிப் பள்ளிதான் 2024 மார்ச்சில் தேசிய ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. யூதர்களுக்கு எதிரான சட்டங்களைச் சுவர் முழுக்க எழுதியிருக்கிறார்கள். சோபிபோரில் தோண்டியெடுத்த பத்துப் பொத்தான்கள் ஒரு கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன. போகிறவர்கள் அரைநாளாவது ஒதுக்குங்கள். எதிரே அரங்கத்துக்குள்ளும் போங்கள். நடக்கும் தூரத்தில், கொல்லப்பட்ட 1,02,000 பேருக்கும் மேற்பட்டோரின் பெயரும் வயதும் செங்கல் செங்கலாகப் பொறித்த நினைவுச் சுவரும் இருக்கிறது.